இரண்டு விரற்கடை

துணிக்கடைக்காரருக்கு இருபது வருஷமாக ஒரே ஒரு வாடிக்கையாளரிடம் மட்டும் தோல்வி. அது தையற்காரம்மா. ஊரே மீட்டருக்கு மாறிய பிறகும் அவள் கெஜக் கணக்கில்தான் துணி கேட்பாள். அவளுக்காகவே தாத்தா காலத்து இரும்புக் கெஜக்கோலை எண்ணெய் போட்டு வைத்திருந்தார். அளந்து கிழித்துக் கொடுத்தால், வாங்கிப் போனவள் அரை மணியில் திரும்பி வந்து, "தம்பி, உங்க கோல் ரெண்டு விரல் குட்டை" என்பாள். எடைக்கல் சோதிக்கிற அதிகாரியிடம்கூடத் தலைகுனியாத கோல் அது. இருந்தும் அவரே மறு துண்டு கிழித்துக் கொடுப்பார். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

அப்படிப்பட்டவள் அன்று காலை கடைக்கு வந்து, துணி கேட்காமல் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"தம்பி, வெள்ளிக்கிழமையோட என் கடை காலி. அந்த வீட்டுக்குச் சொந்தக்காரன் வந்துட்டான்."

"எந்த வீட்டுக்கு?"

"எந்த வீடா? துரை வீடுதான். மேல பூட்டிக் கிடக்கு, கீழ நானும் பத்திரக்காரனும் குடியிருக்கோம். வாரிசு தெரியாம நாலு தலைமுறையா வக்கீல் வீட்டுப் பொறுப்புல இருந்துச்சு இல்ல? வாரிசு நான்தான்கிறான் பத்திரக்காரன். வித்துடப் போறானாம்." அவள் குரல் தாழ்ந்தது. "எங்க அம்மா சாகிற வரைக்கும் சொன்னா, நாம துரை வழின்னு. தெருவே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். இப்ப சிரிப்பு வரல."

துணிக்கடைக்காரர் அடுத்த நிமிஷமே கடையைக் கணக்கப்பிள்ளையிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார். நேரே போனது அக்கா வீட்டுக்கு. அக்கா புருஷன், அதாவது அவருடைய அத்தான், முப்பத்தைந்து வருஷம் அரசு ஆவண அறையைக் காத்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவருக்குப் பெயர் 'பூட்டு'. ஆவண அறைக்குப் பூட்டு போட்டவர் என்பதால் அல்ல; வாய்க்குப் போட்டிருந்ததால். காணாமல்போன பத்திரம், இரண்டு பேருக்கு விற்ற ஒரே மனை, செத்தவர் போட்ட கையெழுத்து என்று எது வந்தாலும் ஊர் அவர் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

"அத்தான், விஷயம் பெருசு."

"நீ செருப்பை மாத்திப் போட்டுட்டு வந்திருக்கியே, அப்பவே தெரிஞ்சுது" என்றார் பூட்டு, சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டே.

இருவரும் வக்கீல் வீட்டுக்குப் போனார்கள். அந்தக் குடும்பத்தின் இன்றைய வக்கீலான வக்கீலம்மாவின் மேசைமேல் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று ஊரறிந்தது. வெள்ளைக்காரரான நில அளவைத் துரை சாகும் முன் தன் கையாலேயே தமிழில் எழுதிய உயில். இன்னொன்று, பத்திரக்காரர் தன் பாட்டன் பெட்டியில் போன வாரம் கண்டெடுத்ததாகச் சொன்ன 'முதல் பக்கம்'.

"உயில் எப்பவும் தலையில்லாம இருந்துச்சுங்க" என்றார் வக்கீலம்மா. "அதனாலதான் எங்க கொள்ளுத்தாத்தா காலத்துலேருந்து முதல் பக்கத்தைத் தேடுறோம்."

பூட்டு பழைய தாளை மெதுவாகப் படித்தார்.

'வடக்கே கிணறு. தெற்கே தெரு. கிழக்கே கிடங்கு. மேற்கே வேலி. மேற்சொன்ன நான்கு எல்லைக்குள் அடங்கிய வீடு, எனக்குப் பின், மேல்படியாளுக்கும், அவள் பெற்ற என் பிள்ளைகளுக்கும், அவர்கள் வழிக்கும். வழி தெரியாமற்போனால், தெரியும்வரை வக்கீல் காக்க.'

கீழே கையெழுத்து. பக்கத்தில், அளவைக் கல்லில் வெட்டுவது போல, மூன்று கோடு சேர்ந்த ஓர் அம்புக்குறி.

"மேற்படியாள்னா முன்னாடி சொன்னவள். முன்னாடி யாரையும் சொல்லலையே! அப்ப முன் பக்கம் ஒண்ணு இருந்தாகணும்" என்றார் வக்கீலம்மா. "இப்ப கிடைச்சிருக்கு. இதுல பாருங்க, துரை முறைப்படி கட்டின மனைவின்னு பத்திரக்காரரோட முப்பாட்டி பேரு இருக்கு. அதுக்கப்புறம் 'மேற்படியாள்', 'மேற்படியாள்'னு மூணு இடத்துல வருது. பொருந்துது."

துணிக்கடைக்காரருக்குக் கை சும்மா இருக்காது. இரண்டு தாளையும் விரலிடுக்கில் வைத்துப் பட்டுப் பார்ப்பது போல உரசினார். புதிதாக வந்த தாளின் மூலையில் குண்டூசித் துளை, சுற்றிலும் துரு வட்டம். பழைய தாளைத் தடவினார். வழவழ என்று இருந்தது.

"அத்தான், இது நல்ல தாள்தான். ஒரு ஓட்டை இல்ல" என்றார்.

"சரி" என்றார் பூட்டு. அவர் 'சரி' என்றால் பேரம் முடிந்துவிட்டது என்று துணிக்கடைக்காரருக்குத் தெரியும். ஆனால் எந்தப் பேரம் என்றுதான் தெரியவில்லை.

அங்கிருந்து துரை வீட்டுக்குப் போனார்கள். வாசல் இடப்பக்க அறையில் பத்திரக்காரர் தட்டெழுத்துப் பொறியின் முன்னால் இருந்தார். நாற்பது வயது, காதிடுக்கில் பேனா. வந்தவர்களைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்தார். "உட்காருங்க, உட்காருங்க. தப்பா நினைக்காதீங்க, அக்கா மேல எனக்கு எந்தக் கோபமும் இல்ல."

"கோபம் இல்லாமலே காலி பண்ணச் சொல்றது பெரிய மனசுதான்" என்றாள் தையற்காரம்மா, வலப்பக்க அறையிலிருந்து.

அவள் வெட்டும் மேசை அறையை முக்கால்வாசி அடைத்திருந்தது. விளிம்பில் இரண்டு பித்தளைக் குமிழாணிகள். அவற்றுக்கிடையே துணியை இழுத்துத்தான் அவள் அளப்பாள். "இதோ பாருங்க, எங்க கெஜம். எங்க அம்மா, அவங்க அம்மா, எல்லாரும் இதுலதான் அளந்தாங்க" என்றாள் பூட்டிடம். "தம்பி கோல்தான் குட்டை."

"என் கோல் குட்டையா? உங்க மேசைதான் நெட்டை!" துணிக்கடைக்காரர் கொதித்ததில் கை பட்டு, மேசைமேல் இருந்த சுண்ணக்கட்டி உருண்டு மேசைக்கடியில் போனது. குனிந்து எடுத்தார். பலகையின் அடிப்பக்கம் யாரோ தச்சன் கோழிக்கால் போலக் கீறியிருந்தான். தலையை இடித்துக்கொண்டு எழுந்தார்.

"உங்க குடும்பத்தை இந்தத் தெருவுல என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டார் பூட்டு.

"படிக்காரி வீடுன்னு. எங்க பூட்டி காலத்துல தானியம் அளந்து வித்திருப்பாங்களோ என்னமோ."

"தானியம் வித்த வீட்டுல படி ஒண்ணாவது இருக்குமே?"

"படியும் இல்ல, மரக்காலும் இல்ல. ஊசிதான் இருக்கு."

பூட்டு வெளியே வந்து, மாடிப்படியின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். பழைய மரப்படிகள். ஒவ்வொன்றும் நடுவில் தேய்ந்திருந்தது. உச்சிப்படி மட்டும் ஓரத்தில், ஜன்னல் வெளிச்சம் விழும் பக்கத்தில் குழிந்திருந்தது.

"மச்சான்" என்றார். "ஏறி இறங்குற படி நடுவுல தேயும். ஓரத்துல எப்ப தேயும்?"

"வழுக்கி வழுக்கி ஓரமா போனா!"

"ஒருத்தர் அங்கேயே உட்கார்ந்திருந்தா. வெள்ளிக்கிழமை உன் கெஜக்கோலை எடுத்துட்டு வா. நான் இடையில ஆவண அறைக்குப் போயிட்டு வரணும்."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாரும் மாடிப்படியருகே கூடினார்கள். வக்கீலம்மா நாற்காலியில், தையற்காரம்மா கதவில் சாய்ந்து, பத்திரக்காரர் புதுச்சட்டையில். துணிக்கடைக்காரர் இரும்புக்கோலை வாள் போலப் பிடித்திருந்தார். பூட்டின் கையில் மட்டும் தோல் அட்டை போட்ட ஒரு பழைய நோட்டு.

"வக்கீலம்மா, உங்க குடும்பம் தேடின பக்கம் கிடைக்காது" என்று தொடங்கினார் பூட்டு. "ஏன்னா அது எழுதப்படவே இல்ல."

பத்திரக்காரரின் பேனா காதிலிருந்து நழுவியது.

"அளவைக்காரன் எதையும் எல்லையிலேருந்துதான் தொடங்குவான். வடக்கே, தெற்கே, கிழக்கே, மேற்கே. அதுதான் இந்த உயிலோட தலை. நாமதான் தலையைத் தலைன்னு தெரியாம முண்டம்னு நினைச்சோம். ரெண்டாவது, என் மச்சான் விரலு. புதுத் தாள்ல குண்டூசி துருப்பிடிச்ச ஓட்டை இருக்கு. பழசுல ஒரு ஓட்டையும் இல்லன்னு அன்னிக்கே சொன்னான். சேர்த்து ஊசி குத்தியிருந்த ரெண்டு தாள்ல ஒண்ணுல மட்டும் எப்படி ஓட்டை விழும்?"

துணிக்கடைக்காரர் நிமிர்ந்தார். தான் சொன்னது இவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. "நான் அப்பவே நினைச்சேன்" என்றார்.

"மூணாவது ஒரு எழுத்து. புதுத் தாள்ல மூணு இடத்துல 'மேற்படியாள்', வல்லின ற் போட்டு. பத்திரம் எழுதுற கை அப்படித்தான் எழுதும். பழைய தாள்ல துரை எழுதினது 'மேல்படியாள்', ல் போட்டு."

"வெள்ளைக்காரன் தமிழ், பிழையா எழுதியிருப்பான்" என்றார் பத்திரக்காரர் மெல்ல.

"அதே தாள்ல 'மேற்சொன்ன' சரியா எழுதியிருக்கார். 'தெரியாமற்போனால்' சரியா எழுதியிருக்கார். ஒரு வார்த்தையில மட்டும் தடுக்கி விழுவாரா? அது முன்னாடி சொன்னவள்ங்கிற வார்த்தை இல்ல தம்பி. பேரு. கூப்பிடுற பேரை இலக்கணம் பார்த்து எழுத மாட்டாங்க, வாயில வந்தபடிதான் எழுதுவாங்க."

அவர் நோட்டைத் திறந்தார். "துரையோட கள நோட்டு. நான் காத்த அறையில முப்பத்தைந்து வருஷமா என் முதுகுக்குப் பின்னாலதான் இருந்துச்சு. அவருக்கு நம்ம பேருங்க நினைவுல நிக்காது. இடம்தான் நிக்கும். கேளுங்க: 'வாசல்காரன் கடிதம் கொண்டுவந்தான்.' 'கிணற்றடியான் காய்ச்சல்.' 'மேல்படியாள் என் சட்டைக்குப் பித்தான் தைத்தாள். நன்றி சொல்லத் தெரியாமல் வானிலை பற்றிச் சொன்னேன்.' மாடிப்படியோட உச்சியில, ஜன்னல் வெளிச்சத்துல உட்கார்ந்து வீட்டுத் துணியெல்லாம் தைச்ச பொண்ணு. மேல் படி ஆள். அவ்வளவுதான்."

தையற்காரம்மா படிகளை முதல்முறை பார்ப்பவள் போலப் பார்த்தாள்.

"துரையோட ஆளு அவங்கதான்னு ஒத்துக்கிறேன்" என்றார் வக்கீலம்மா. "ஆனா இவங்க அவங்க வழின்னு எப்படி?"

"படிக்காரி வீட்டுல தானியப் படி ஏன் இல்லன்னு இப்ப தெரியுதா? இன்னும் வேணும்னா, மச்சான், கோலோட மேல ஏறு."

துணிக்கடைக்காரர் ஏறினார். உச்சிப்படியின் விளிம்பில், தூசியைத் துடைத்ததும் இரண்டு பித்தளைக் குமிழாணிகள் தெரிந்தன. கோலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"அத்தான்... ரெண்டு விரல் கூட இருக்கு."

கீழே ஓடி, தையல் மேசையில் கோலை வைத்தார். அதே இரண்டு விரல். பூட்டு கண்காட்ட, மேசையைக் கவிழ்த்தார்கள். அன்று அவர் தலையில் இடித்த கோழிக்கால் வெளிச்சத்துக்கு வந்தது. மூன்று கோடு சேர்ந்த அம்பு. உயிலில் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருந்த அதே அம்பு.

"நோட்டுல இருக்கு" என்றார் பூட்டு. "'மேல்படியாளின் மூத்தவளுக்கு வெட்டு மேசை செய்து கொடுத்தேன். தாயின் கெஜமே இதிலும். அடியில் என் குறி.'"

வக்கீலம்மா உயிலை மடித்து, எழுந்து, தையற்காரம்மாவின் கையில் வைத்தார். அவள் அதைப் படிக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அம்மா பேச்சைக் கேட்டு ஒரு நாளாவது சிரிக்காம இருந்திருக்கலாம்" என்றாள்.

பத்திரக்காரர் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். "ஊர்ல பாதி வீட்டை நான்தான் எழுதிக் கொடுத்தேன் அக்கா. வடக்கே, தெற்கேன்னு எழுதி எழுதி, எனக்குன்னு ஒரு நாலு எல்லை இல்லாம போச்சு. கை அரிச்சுது. தப்புதான்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்த வக்கீல்கிட்டயும் உன்னைப் பத்திச் சொல்லப் போறதில்ல. இந்த வக்கீலம்மாவும் பெரிய மனசு பண்ணுவாங்க." வக்கீலம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஆனா அந்த அறை எனக்கு வேணும். நீ உன் மேசையைத் தூக்கி மாடிக்கு அடியில, கீழ்ப்படிகிட்டப் போட்டுக்கோ. இனிமே உனக்குப் பேரு கீழ்ப்படியான்."

"பேருக்கேத்த ஆளுதான்!" என்று துணிக்கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். பத்திரக்காரரும், வேறு வழியில்லாமல், சிரித்தார்.

வீடு திரும்பும் வழியில் துணிக்கடைக்காரருக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. "அத்தான், ஊரையே அங்குலம் பிசகாம அளந்த மனுஷன். ஒரு கெஜத்தை அளக்கும்போது ரெண்டு விரல் தப்பு விட்டுட்டாரே?"

பூட்டு நடந்துகொண்டே நோட்டைப் பிரித்து, ஒரு வரியில் விரலை வைத்து நீட்டினார்.

'மேல்படியாளுக்கு அளவாணி அடித்தேன். முப்பத்தாறு அங்குலமும், கூட இரண்டு விரற்கடையும். துணி விற்கிறவன் அவளை ஏமாற்றாதிருக்க. பிழையல்ல.'

துணிக்கடைக்காரர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு தன் இரண்டு விரலைச் சேர்த்து இரும்புக்கோலின் முனையில் வைத்துப் பார்த்தார்.

மறுவாரம் தையற்காரம்மா கடைக்கு வந்து மூன்று கெஜம் வெள்ளைத் துணி கேட்டாள். அவர் கோலை வைத்து அளந்தார். ஒவ்வொரு கெஜத்தின் முடிவிலும் இரண்டு விரலை வைத்து, அதற்கப்புறம்தான் நகர்த்தினார். கடைசியில் கிழித்து, மடித்து, நீட்டினார்.

அவள் மடிப்பைப் பிரித்துப் பார்த்தாள். "என்ன தம்பி, கோல் வளர்ந்துடுச்சா? இல்ல அளக்கத் தெரியாம போச்சா?"

"பிழையல்ல அக்கா" என்றார் துணிக்கடைக்காரர்.