கோபுர மேகம்

மேகம் தெற்கே சாய்ந்தால் வடக்குத் தெருக்காரர்கள் மின்நிலையத்தோடு சண்டைக்குப் போவார்கள். அங்கிருந்த குளிர்கோபுரம் கக்கும் வெள்ளை ஆவியை மொட்டைமாடி முகில்வலைகளில் வடித்துத்தான் அந்தக் கடற்கரை ஊர் குடித்தது. குழாயில் நல்ல தண்ணீர் வந்து வருடக்கணக்காயிற்று.

ஆவி சுத்தமானதுதான். கோபுரத்துக்குள் சுற்றும் அழுக்குத் தண்ணீர் பொடித்துளிகளாக அதோடு கிளம்பிவிடாமல் துளிமறிப்புத் தகடுகள் தடுத்தன. தகடுகளைக் கழற்றினால் வலை சீக்கிரம் நிறையும் என்று எந்தப் புண்ணியவானோ கண்டுபிடித்தார். ஊரே திரண்டு போய் வாசலில் உட்கார்ந்தது; தொல்லை விட்டால் போதுமென்று நிர்வாகமும் கழற்றிவிட்டது.

இப்போது கோபுரத் தொட்டியில் நுரையீரல் காய்ச்சல் கிருமி. மின்நிலையத்தின் நீர்வேதியியலாளர் ஜெசிந்தாதான் சோதனையில் அதைக் கண்டாள். கிருமிமுறி மருந்து கலக்காவிட்டால் சுவாசிப்பவர்களுக்கு ஆபத்து, கலந்தால் குடிப்பவர்களுக்கு. தகடுகளைத் திரும்ப மாட்டக் கோபுரத்தை நிறுத்தினால் மாவட்டமே இருண்டுவிடும் என்று மேலிடம் கையை விரித்துவிட்டது. அதனால் காலையிலேயே ஒலிபெருக்கியில் அவளே சொன்னாள்: மதியம் மருந்து கலக்கிறோம், இரண்டு நாள் யாரும் மேகம் பிடிக்க வேண்டாம், லாரியில் தண்ணீர் வரும். மதியம் மருந்தைத் திறந்துவிட்டு, ஒருவழியாக முடிந்ததென்று வீட்டுக்குக் கிளம்பினாள்.

தெருவுக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தாள். மாடிதோறும் வலை. வலை போதாதென்று கொசுவலை, சேலை, வேட்டி. அவள் வீட்டு மாடியில் கணவன் அருளப்பன் அவளுடைய கல்யாணப் பட்டுச்சேலையை விரித்துக் கட்டியிருந்தான்.

"என்ன செய்திய?"

"ஏளா, ரெண்டு நாளைக்குத் தண்ணி கிடையாதுன்னு நீதானே சொன்ன? பிடிச்சு வைக்க வேண்டாமா?"

"மருந்து கலந்தாச்சு. பிடிக்கக் கூடாதுன்னும் சொன்னேன்லா."

"கலந்திருந்தா மேகம் நின்னிருக்கும்லா? அது பாட்டுக்கு வந்துக்கிட்டுதானே இருக்கு."

குழாய்த் தண்ணீரோடு வளர்ந்தவன்; மருந்து கலக்கும் நாளில் அங்கே குழாயையே மூடிவிடுவார்கள். ஊருக்கெல்லாம் சொன்னவள் இவனை உட்காரவைத்துச் சொல்லவில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"குடிச்சியளா?"

"ஒரு செம்பு. சின்னவளுக்கும் குடுத்தேன்." சொல்லும்போதே அவன் முகம் வெளுத்தது.

மகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியபடியே ஜெசிந்தா கட்டுப்பாட்டு அறையை அழைத்து, இன்னொரு தரம் அறிவிக்கச் சொன்னாள்.

ஒலிபெருக்கி கரகரத்தது. மேகம் பிடிக்காதீர்கள் என்ற குரல் தெருமுனையைத் தாண்டுவதற்குள், அதுவரை சும்மா இருந்த வீடுகளிலும் குடங்கள் மாடியேறின.