அஹதியா வேன்

நேற்றுப் பின்னேரம் முத்தலிப் தன் கையாலேயே பசை தடவி வேனின் முன்கண்ணாடியில் வெளிப்பக்கமாக ஒட்டிய நோட்டீஸ், இன்று காலையில் கண்ணாடிக்கு உள்ளே ஒட்டியிருந்தது. உள்ளே இருப்பவர்கள் வாசிக்கத் தோதாக எழுத்துகள் அந்தப் பக்கம் பார்த்திருந்தன. நகத்தால் சுரண்டினார். கண்ணாடிதான் வழுக்கியது. கதவுகளோ துருவேறி, ஆணி அடித்தாற்போல் இறுகிக் கிடந்தன.

"சேர், இது எப்பிடி உள்ளுக்குப் போன?" என்று கேட்டார் பிரதேச சபையின் ட்ராக்டர் ஓட்டும் வேலப்போடி.

"நான்தான் மாறி ஒட்டிருப்பன்."

வேலப்போடி கதவைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், வெற்றிலையை மென்றார்.

கைவிடப்பட்ட வாகனங்களுக்கு நோட்டீஸ் ஒட்டுவது சபையில் முத்தலிப்பின் வேலை. படுத்துக் கிடக்கிற மாட்டுக்கும் ஒட்டிவிடுவார் என்று கந்தோரில் கேலி செய்வார்கள். பதினாலு நாள் பார்ப்பது, உரிமைக்காரர் வராவிட்டால் கதவைத் திறந்து உள்ளே என்ன கிடக்கிறது என்று எழுதுவது, பிறகு பழைய இரும்புக்காரனுக்குக் கொடுப்பது. இதுதான் சட்டம். இந்தக் கடற்கரை ஐந்து வருடமாய் ராணுவ முகாம்காரர்களின் முள்ளுக்கம்பிக்குள் கிடந்தது. சண்டை முடிந்து கம்பியை எடுத்தபோது, தாழம்பற்றைக்குள் பாதி புதைந்திருந்த வேனை முதலில் கண்டவர் அவர்தான். பக்கவாட்டில் மிஞ்சியிருந்த 'அஹதியா' என்ற பேரை அன்றைக்கே சுரண்டி எடுத்துவிட்டார்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், அஹதியாப் பள்ளிக்கு ஓதப் போன தன் எட்டு வயது மகள் றஸ்னாவை இதே வேனில் ஏற்றிவிட்டவரும் அவர்தான்.

மூன்றாம் நாள், பள்ளிக்கூட விறாந்தையில் கரையொதுங்கி வரிசையாகக் கிடத்தியிருந்த மையித்துகளில் ஒன்றின் துணியை அவர் தூக்கிப் பார்த்தார். முகம் என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. உயரம் சரியாக இருந்தது. வெளியே மனைவி சுபைறா சோறு தண்ணி இல்லாமல், பைத்தியம் பிடிக்கப்போகிறவளாய் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். "எண்ட புள்ளதான்" என்று சொல்லிவிட்டார். தானே வெள்ளைத்துணியில் சுற்றி, தலைமாட்டில் முடிச்சுப் போட்டு மையவாடியில் அடக்கினார். முகத்தைப் பார்த்தேன், தூங்குகிற மாதிரி இருந்தது என்று சுபைறாவிடம் சொன்னார். அந்தப் பொய்யில்தான் அவள் உயிர் பிழைத்தாள். வியாழன் இரவு தவறாமல் அந்தக் கபுறை நினைத்து யாசீன் ஓதுகிறாள். வேனைத் திறந்து உள்ளே கிடப்பதை எழுதினால், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை அம்பலமாகிவிடும். அவள் தாங்க மாட்டாள்.

பதினாலாம் நாள் லுஹர் தொழுதுவிட்டு வந்து வேனுக்குச் சங்கிலி போட்டார்கள்.

"கதவைத் துறந்து பாக்கிற இல்லையா சேர்?"

"தேவல்ல. மண்தான் கிடக்கு. இழுங்க."

ட்ராக்டர் உறுமியது. மழை காணாத மணலிலிருந்து வேன் அசைந்து எழும்பியபோது கதவிடுக்குகளால் தண்ணீர் ஒழுகியது. நனைந்த புத்தகப் பையின் நாற்றமும் கடற்பாசி நாற்றமும் சேர்ந்து அடித்தன. மையவாடியைக் கடக்கும்போது சொல்கிற பழக்கத்தில், நினைக்காமலேயே முத்தலிப்பின் வாய் சலாம் சொல்லிவிட்டது.

"வ... அலைக்கும்... ஸலாம்..."

வேனுக்குள்ளிருந்து. ஓதிக்கொடுக்கிற உஸ்தாதுக்குப் பிள்ளைகள் இழுத்து இழுத்துச் சொல்வார்களே, அப்படி. ஒரே குரலாக. வேலப்போடிக்கு ட்ராக்டர் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

"இழுங்க," என்றார் முத்தலிப்.

சபையின் வளவில் வேனை விட்டுவிட்டு வேலப்போடி வீட்டுக்குப் போனார். காலையில் இரும்புக்காரனின் லொறி வரும். மஃரிப் தொழுகைக்கு இன்னும் கொஞ்ச நேரமிருந்தது. வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. முத்தலிப் படலையைப் பூட்டப் போனார். போக முடியவில்லை. திரும்பி வந்து துருப்பிடித்த தகரத்தில் காதை வைத்தார்.

உள்ளே தண்ணீர் தளும்பியது.

"வாப்பா."

அந்தக் குரலை எத்தனை வருடமானாலும் அவருக்குத் தெரியும்.

"வாப்பா, கதவைத் துறங்க. தண்ணி வருது."

கைப்பிடியைப் பிடித்தார். இத்தனை நாளும் இறுகியிருந்த கைப்பிடி லேசாக இளகிக் கொடுத்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் போதும். சுபைறாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. கையை எடுத்துவிட்டார். தன்னைத் தானே வெறுத்தார்.

"உம்மா தாங்க மாட்டாம்மா. வாப்பாவ மன்னிச்சிரு."

உள்ளே தண்ணீர் தளும்புவது நின்றது. பிறகு றஸ்னா கேட்டாள், கொஞ்சம் பயந்த குரலில்.

"வாப்பா, ஒங்களுக்குப் பொறகால நிக்கிற புள்ள ஆரு?"

அவர் திரும்பவில்லை.

மணலில் துணி இழுபட்டது. ஈரமண் வாசம். சின்னக் கை ஒன்று அவருடைய கைக்குள் நுழைந்தது. குளிர். விரல்களுக்கிடையில் மண்.

குனிந்து பார்த்தார். வெள்ளைத்துணி. தலைமாட்டில் அவர் போட்ட முடிச்சு, அவிழாமல். துணிக்குள் வாய் இருக்கவேண்டிய இடம் அசைந்தது. அவர் ஒருநாளும் கேட்டிராத குரல்.

"எண்ட பேர் என்ன வாப்பா?"