ஐந்தாவது திருகல்

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. என் இடது காலின் மீது ஆணை.

1984 மார்ச்சில், கரகந்தா சுரங்க நகருக்கு வடக்கே புல்வெளி ஓரத்திலிருந்த எலும்பு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தேன். குதிரை தள்ளி முறிந்த இடது கால் நாலு சென்டிமீட்டர் குட்டையாகக் கூடியிருந்தது. எலும்பை நறுக்கி, காலைச் சுற்றி இரும்பு வளையங்களைப் பூட்டினார்கள். ஒரு வாரம் கழித்துத் திருகத் தொடங்கினார்கள். நாளுக்கு நாலு திருகல், திருகலுக்குக் கால் மில்லிமீட்டர். விலகும் இடைவெளியில் புது எலும்பு நூல்நூலாக முளைக்கும். அவசரப்பட்டால் நூல் அறும். அப்புறம் கால் துணிபோலத் தொங்கும் என்றார் டாக்டர், கொட்டாவி விட்டபடியே. அங்கே எல்லோரும் களைத்துத்தான் இருந்தார்கள். எக்ஸ்ரே ஃபிலிம் தீர்ந்துபோய் ஒரு மாதமாகியிருந்தது.

மூன்றாம் நாள், மதியச் சாப்பாடு முடிந்து வார்டே குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. ஆட்டுக்கொழுப்பு வாசனை வந்தது. கூடவே நனைந்த கம்பளி வாசனை.

க்ளிக்.

கண்ணைத் திறந்தேன். யாருமில்லை.

நர்ஸ் ரைகுல் நம்பவில்லை. "சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்னு நீங்களே திருகிக்கிறீங்களா, மாமா?"

"குனிஞ்சா எனக்கு முழங்காலே எட்டல, இதுல ஸ்பானரப் புடிச்சுத் திருகுறேனாக்கும்!"

திருகாணியில் பச்சை மருந்தால் புள்ளி வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் பார்த்தால் புள்ளி கால் சுற்று தள்ளியிருந்தது.

மறுநாள் அவள் வேண்டுமென்றே மூன்று திருகலோடு நிறுத்திக்கொண்டாள்.

அன்று மதியம் இரண்டு க்ளிக். அவள் விட்டதையும் சேர்த்துக் கணக்கு அஞ்சு.

ரைகுல் என் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள். "மாமா, இந்த இரும்பு வளையச் சட்டம் புதுசில்ல. பெய்சென்னு ஒரு ஆட்டுக்காரர் கால்ல இருந்தது. அஞ்சு சென்டிமீட்டர் நீட்டணும். நாலுல நெஞ்சு அடைச்சுப் போயிட்டாரு. கழட்டிக் கொதிக்க வெச்சு உங்களுக்குப் பூட்டிட்டோம்."

"செத்தவன் சாமானையா?"

"வேற இல்லையே, மாமா."

அவருக்குப் பாக்கி ஒரு சென்டிமீட்டர். நாற்பது திருகல். அந்த மனுஷன் மிச்சத்தை என் காலில் முடித்துக்கொண்டிருந்தார்.

பயத்தைவிட அலுப்புதான் அதிகம். தினமும் மதியம் வாசனை வரும், கண்ணை மூடிக்கொண்டு, "பெய்சென் அண்ணே, மெதுவா. நூல் அறுந்துடும்" என்பேன்.

முப்பதாம் நாள் பதில் வந்தது.

"எனக்கும் அலுப்புதான், தம்பி."

ரைகுல் என் மனைவிக்குச் சொல்லியனுப்பினாள். அவருடைய நாற்பதாவது திருகலன்று என் மனைவி ஆட்டிறைச்சி வேகவைத்துக் கொண்டுவந்து, விருந்தில் மூத்தவருக்கு வைக்கும் முழங்கால் எலும்பை என் கட்டிலருகே ஸ்டூலில் வைத்தாள். "இது உங்க பங்கு, அண்ணே. தின்னுட்டு எம் புருஷன் கால விட்டுடுங்க."

வார்டு தூங்கியது.

க்ளிக்.

பிறகு, யாரோ பல்லால் எலும்பைச் சுரண்டும் சத்தம். நிதானமாக, வெகுநேரம். கண்ணைத் திறந்தபோது தட்டிலிருந்த எலும்பு வழித்து வெள்ளையாக இருந்தது, உள்ளிருந்த மஜ்ஜைகூட மிச்சமில்லை.

அடுத்த வாரம் ஃபிலிம் வந்தது, படம் எடுத்தார்கள். டாக்டர் அதை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து மூன்று முறை அளந்தார். நூல் அறவில்லை. அஞ்சு சென்டிமீட்டருக்கும் எலும்பு மேகம்போல இறங்கியிருந்தது.

"ஒரு சென்டிமீட்டர் கூடிப்போச்சே, யாருய்யா திருகினது?"

"பெய்சென்."

"சரி," என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

கால் பிழைத்தது. முன்பு இடப்பக்கம் நொண்டியவன் வலப்பக்கம் நொண்டுகிறேன், அவ்வளவுதான். சட்டத்தைக் கழற்றி இத்தனை வருஷமாகியும் மதியம் சாப்பிட்டுச் சாய்ந்தால் ஆட்டுக்கொழுப்பு வாசனை வருகிறது. இடது காலிலிருந்து க்ளிக் என்று ஒரு சத்தம் கேட்கிறது.

அந்த இடது காலை 1961-இல், சுரங்க ரயில் ஏறியதால், தொடையோடு எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து இருப்பது மரக்கால்.