மேல் வீட்டுத் தரை... கீழ் வீட்டு மழை

கதவைத் திறந்ததும் ஜெனிஃபர் முதலில் பார்த்தது குடையை. அதற்குக் கீழேதான் அந்தக் கண்கள்... சோப்பு எரிச்சலில் சிவந்திருந்தும் சிரிப்பு முழுதாக அணையாத கண்கள்.

“வெளியே மழை நின்னுடுச்சே...” என்றாள், என்ன பேசுவதென்று தெரியாமல்.

“வெளியே நின்னுடுச்சு. என் பாத்ரூம்ல நிக்கலை. குடை பிடிச்சுக்கிட்டுதான் குளிக்கிறேன் மேடம்.”

பெயர் ரெனால்ட். டோம்பிவிலியிலிருந்து நான்கு வருஷம் லோக்கல் ரயிலில் தொங்கியபடி ஆபீஸ் போனவன். தொங்கியது போதுமென்று செம்பூரில் அவளுக்குக் கீழ் வீட்டுக்கு வாடகைக்கு வந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது.

“உங்க பாத்ரூம் தரையை உடைச்சு வாட்டர்ப்ரூஃபிங் பண்ணாத்தான் நிக்குமாம். பிளம்பர் சொன்னார்.”

ஜெனிஃபரின் முகம் மாறியது. “தரையை உடைக்கிற பேச்சே வேண்டாம்.”

“அது என்ன, தாஜ்மஹாலா?”

“எங்களுக்கு அப்படித்தான்!”

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை அம்மா லூர்து மேரியே அவனை மாதா கோயிலில் பிடித்து டீ குடிக்க அழைத்து வந்துவிட்டாள். “ஏட்டி, தம்பி நம்ம வள்ளியூர்ப் பக்கந்தான். நீ என்னமோ கதவைச் சாத்துனியாமே?”

“சும்மா சாத்தலை ஆன்ட்டி. என் மூக்கு தப்பிச்சதே பெருசு.”

ஜெனிஃபருக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளாமல் குளியலறைக் கதவைத் திறந்தாள். “வந்து பாருங்க. பார்த்துட்டு உடைக்கச் சொல்லுங்க.”

பழுப்பேறி, மூலைகளில் கறுத்துப்போன தரை. ஆனால் ஒரு டைல்போல இன்னொரு டைல் இல்லை. பச்சை, நீலம், ரோஸ், இடையில் ஒரே ஒரு மஞ்சள்...

“எங்கப்பா தனசீலன் கட்டட வேலைக்குப் போன இடத்துலெல்லாம் மிஞ்சினது. பச்சை மாஹிம். நீலம் முலுண்டு. ரோஸ் ஒட்டின அன்னிக்கு அவர் கையைக் கிழிச்சுக்கிட்டார்.” சண்டைக்கென்று எடுத்த குரல் அவளை அறியாமலே இறங்கியது. “ஆறு வயசு வரைக்கும் தாராவில வாசல்ல சேலையைக் கட்டி மறைச்சுத்தான் குளிப்பேன். இங்க வந்த அன்னிக்குத்தான் முதல் தடவையா தாழ்ப்பாள் போட்டுக் குளிச்சேன். ஒரு மணி நேரம் இந்தத் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா தட்ட வந்தாங்களாம். அப்பா விடலை. ‘அவ இருக்கட்டும்’னாராம்...”

அப்பா போய் ஐந்து வருஷம். கண் ஓரத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “அதான் சனிக்கிழமை தவறாம ஆசிட் ஊத்தித் தேய்ச்சுப் பார்க்கிறேன். பழைய நிறம் வரவே மாட்டேங்குது.”

“சனிக்கிழமையா?” என்று எதையோ கேட்க வந்தவன், அவள் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

அதன்பிறகு அவன் புகாருக்கு வரவில்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழிவிட்டான்... சிரித்தான்... அந்தச் சிரிப்பு அவளோடு ஸ்டேஷன்வரை வந்தது. நாளைக்கு எத்தனை மணிக்கு இறங்குவான் என்று அவள் யோசிக்கத் தொடங்கியிருந்தாள்.

ஒரு மாலை அம்மா சொன்னாள். “கீழ் வீட்டுத் தம்பி மாசக் கடைசில காலி பண்ணுதாம். திரும்ப டோம்பிவிலிக்கே போகுதாம்.”

ஜெனிஃபர் செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடினாள்.

“எங்களாலதான் ஓடிட்டீங்கன்னு பில்டிங்கே பேசணுமா?”

“யாரு பேசுவா? ட்ரெயின்ல தொங்குறது எனக்குப் பழகினதுதானே.” சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. “உங்கப்பா கை பட்ட தரைங்க. அதை உடைங்கன்னு இனிமே எனக்கு வாய் வராது.”

அன்று வெகுநேரம் அவள் அந்தத் தரையில் வெறுங்காலோடு நின்றாள். உடைத்தால் அப்பா போய்விடுவார். உடைக்காவிட்டால் இவன் போய்விடுவான்... அப்பா இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? கீழே ஒருத்தன் நனைகிறான் என்று கேட்ட மறுநிமிஷம் சுத்தியலை எடுத்திருப்பார்!

மறுநாள் தாராவியிலிருந்து மேஸ்திரி இஜாஸ் பாய் வந்தார். ரெனால்ட்டும் லீவு போட்டு வந்து நின்றான். முதல் அடியில் மாஹிம் பச்சை தெறித்தது. ஜெனிஃபர் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“டைல் கல்லு மாதிரி இருக்கும்மா. சந்துல இருந்த சிமெண்டைத்தான் காணோம்,” என்றார் பாய். “எவனோ வருஷக்கணக்கா ஆசிட் ஊத்தி அரிக்க விட்டிருக்கான்.”

அவள் மெல்ல ரெனால்ட்டைத் திரும்பிப் பார்த்தாள். “உங்களுக்கு... முன்னாடியே தெரியுமா?”

“சனிக்கிழமைதான் ரொம்ப ஒழுகும்.”

“சொல்லியிருந்தா ஒரே நாள்ல ஜெயிச்சிருப்பீங்களே?”

“அவ்வளவு ஆசையா காப்பாத்தின தரையை நீங்களே அரிச்சிட்டீங்கன்னு... அதை எப்படிங்க சொல்றது?”

தூசிக்கு நடுவில் நின்று அவள் அழுதாள். பாதி அப்பாவுக்காக. மீதி யாருக்காக என்று அவளுக்கே தெரிந்துபோனது.

புதுக் கலவை பூசி, தண்ணீர் போகும் வழியை அடைத்து, குளியலறையில் கணுக்கால் மறையத் தண்ணீர் கட்டினார் பாய். ஐந்து நாள் கீழே சொட்டாவிட்டால் வேலை சரி. அப்புறந்தான் டைல். அதுவரை அம்மாவும் மகளும் கீழ் வீட்டில்தான் குளித்தாக வேண்டும். ரெனால்ட் காலை ஆறரைக்கே சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேறிவிடுவான். சாயங்காலம் அவள் டார்ச்சோடு இறங்கி வருவாள். இருவரும் கழுத்து வலிக்க மேலே பார்ப்பார்கள்.

“அந்த மூலை லேசா ஈரமோ?” என்பான்.

“ஆமா... இன்னும் ரெண்டு நாள் போகட்டும்,” என்பாள்.

ஒன்பதாம் நாள் இஜாஸ் பாய் போனில் கத்தினார். “என்னம்மா, தண்ணியை விடாம மீன் வளர்க்கிறீங்களா?”

அன்று மாலையும் வந்தாள். மழை ஜன்னலில் சாய்ந்து விழுந்தது. அவன் மேலே பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான்.

“ஒண்ணு சொல்லணும். அந்த மூலை அஞ்சு நாளுக்கு முன்னாடியே காஞ்சிடுச்சு.”

“தெரியும்.”

“தெரியுமா? அப்புறம் ஏன் சொல்லலை?”

“நீங்க ஏன் சொல்லலை?”

“சொல்லிட்டா... நீங்க நாளைக்கு வர மாட்டீங்களே.” அவன் குரல் தடுமாறியது. “ஜெனிஃபர், எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. டோம்பிவிலிக்குப் போகணும்னு சொன்னேனே தவிர, ஒரு பெட்டியைக்கூட நான் கட்டலை.”

அவள் டார்ச்சை அணைத்தாள். கன்னம் சிவந்தது அவனுக்குத் தெரியக்கூடாதென்று... ஆனால் தெரிந்தது.

“ஞாயித்துக்கிழமை புது டைல் பார்க்கப் போறோம். அம்மா உங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க.”

“நானா? உங்க வீட்டுக்கு நான் என்ன பார்க்கிறது?”

“வழுக்காததா பாருங்க. அம்மாவுக்கு வயசாகுது...”

படிவரை போனவள் திரும்பினாள்.

“நமக்கும் ஒரு நாள் வயசாகும்ல?”