உடையும் பொருள்

புது மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. சாறு ஆளுயரம் எழும்பி, அவசரமே இல்லாமல் தரைக்கு இறங்கியது. நிலவில் எல்லாமே அப்படித்தான். பூசைக்கு வந்தவர்கள் யாரும் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சிவநேசன் மட்டும் தன் வண்டியைப் பார்க்க முடியாமல் நின்றான். முந்தின நாள் கடையில் செய்த காரியம் அவனை அரித்துக்கொண்டிருந்தது.

கண்ணாடிக் கூரை போட்ட நகரத்தைத் தாண்டினால் வானத்திலிருந்து பொடிக்கற்கள் சீறி விழும், விண்ணுடையையே துளைத்துவிடும். அதைத் தடுக்க வண்டியிலிருந்து ஒரு மின்திரை எழும்பி ஆளை மூடிக்கொள்ளும். ஓட்டுபவருக்கான திரை வண்டியோடு வரும். பின்னால் உட்காருபவருக்குத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். கடையிலிருந்த விற்பனை ரோபோ அதைத்தான் முதலில் எடுத்து வைத்தது. சிவநேசனின் கண்ணோ அடிப்பாகத்தில் நீலமாக ஒளிரும் விளக்கிலும் பளபளக்கும் கிராஷ் கார்டிலும் ஒட்டிக்கொண்டது. இரண்டையும் வாங்கினால் திரைக்குக் கையில் மிச்சமில்லை. பின்னால் யார் வருவார்கள் என்று ரோபோ கேட்டது. யாருமில்லை என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டான். பூமியை விட்டு வந்தாலும் நம்மாள் பழக்கத்தை விட்டு வருவானா? வண்டிக்கு அடிபடக் கூடாது, தன் தலைக்கு அடிபடக் கூடாது; பின்னால் இருப்பவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் போதும்.

பூசை முடிந்ததும் அவன் மனைவி பூங்கோதை விண்ணுடையோடு வந்து ஏறிக்கொண்டாள். அடுத்த குடியிருப்பில் அவள் தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது. தனக்கும் திரை வாங்கியாயிற்றா என்று கேட்டாள். அவன் தலையாட்டினான். ஆட்டிய பிறகு அந்தத் தலையைத் திருப்பி அவளைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

நகரத்தின் வெளிக்கதவருகே வண்டி தானாக நின்றது.

“பின்னால் பதிவில்லாத எடை இருக்கிறது,” என்றது. “ஆள் என்றால் திரை இல்லை. சுமை என்றால் சுமைத்திரை உண்டு. பூமியிலிருந்து வரும் பொருள் சேதமாகக் கூடாது என்பது விதி. எது?”

சிவநேசன் வெட்கத்தில் குன்றிப்போனான். விளக்குக்கு ஆசைப்பட்டுத் திரையை விட்டுவிட்டதை ஒப்புக்கொண்டான். நாளைக்கே மாற்றிவிடுகிறேன், இப்போது வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று கெஞ்சினான்.

“தங்கச்சி வாசலையே பாத்துக்கிட்டுக் கெடப்பா,” என்றாள் பூங்கோதை. “பொண்டாட்டின்னாத்தானே திரை கிடையாது? சுமைன்னே சொல்லுங்க.”

சொன்னான்.

“உடையும் பொருளா?” என்று கேட்டது வண்டி.

“ஆமா,” என்று பூங்கோதையே பதில் சொன்னாள்.

கதவு திறந்தது. சுமைத்திரை அவளைப் போர்த்தியது. வழியெல்லாம் வண்டி ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, அவள் குலுங்காமல் ஏறி இறங்கியது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளைப் பின்னால் வைத்துக்கொண்டு அவன் ஒருநாளும் அப்படி ஓட்டியதில்லை.