இரைச்சல் இல்லாத இடம்

அரியலூரிலிருந்த அந்தத் தனியார் ஆய்வுக்கூடத்தில் எழுதப்படாத விதி ஒன்று நிலவியது: இயக்குநர் ஆண்டவர் அழித்த இடத்தில் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. 1988 கோடையில் ஒரு காலை, அங்கே ஆராய்ச்சி மாணவியாக இருந்த கமலவேணி, பெரம்பலூரில் துப்பறிவாளர் அய்யம்பெருமாளின் கதவைத் தட்டினாள். அவர் முன்னாள் இயற்பியல் விரிவுரையாளர்.

"இல்லாத முகட்டை நானே வரைஞ்சேன்னு பழி போடுறாங்க சார். சாயங்காலம் விசாரணைக் குழு கூடுது. எனக்குப் பட்டம் கிடையாதுன்னு எழுதிடுவாங்க."

"முகடா? எந்த வூட்டு முகடும்மா?" என்றார் உதவியாளர் நல்லதம்பி.

கமலவேணி சிரிக்கவில்லை, விளக்கினாள். நோயுற்ற ஆட்டின் ஈரல் சாற்றைக் காந்த ஒத்ததிர்வுக் கருவியில் வைத்தால், அதிலுள்ள பொருள்கள் நிறமாலையில் முகடுகளாக எழும். தண்ணீரின் முகடோ மலையாக நின்று அருகிலுள்ளவற்றை மறைத்துவிடும். கணினியால் அதை நீக்க வேண்டும். அவள் தண்ணீரின் அதிர்வை மட்டும் கணித்துக் கழித்தாள். பக்கத்தில் ஒரு சிறு முகடு தெரிந்தது. அதே பதிவை, தண்ணீர் முகட்டை நீக்க ஆண்டவர் எழுதிய வடிகட்டி நிரலில் செலுத்தினால் அது தெரியவில்லை. அந்தச் சிறு முகட்டுக்குரிய பொருள் நோயுற்ற ஈரலில் கிடையாது என்று ஆண்டவர் முன்பே கட்டுரை வெளியிட்டிருந்தார்.

மூவரும் பஸ் ஏறினார்கள். ஆய்வுக்கூடத்து மேசைகளில் ஊர் ஆலைகளின் சிமென்ட் தூசி படிந்திருந்தது.

"இந்த மூலை மட்டும் பளிச்சுன்னு இருக்கே சார்!"

"அப்ப அங்க இருந்ததை இப்பத்தான் எடுத்திருக்காங்க, நல்லதம்பி. இந்த ஊர்ல சுத்தமா இருக்கிற இடத்தைத்தான் சந்தேகப்படணும்," என்ற அய்யம்பெருமாள், ஆண்டவரின் நிறமாலையை விரித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு கமலவேணியைக் கணினியின் முன் அமரச் செய்தார்.

மாலையில் குழு கூடியது.

"எந்த நிறமாலையிலும் அடியில இரைச்சல், அதாவது கருவியோட சின்னச் சின்ன நடுக்கம், புல்லு மாதிரி முளைச்சிருக்கும்," என்று தொடங்கினார் அய்யம்பெருமாள். "டைரக்டர் சார் படத்துல தண்ணி இருந்த இடத்தைச் சுத்தி மட்டும் கோடு வழுவழுன்னு கிடக்கு. தண்ணி மட்டும் போயிருந்தா இரைச்சல் மிஞ்சணும். அகலமா அறுத்திருக்கீங்க."

"துப்பறியிறவருக்கு அறுவடைப் பேச்சு எதுக்குய்யா?" ஆண்டவர் நகைத்தார். "அந்தப் பொண்ணோட கணக்குதான் பொய் முகட்டைக் கிளப்புது."

"அதையும் சோதிச்சோம். வெறும் தண்ணியோட பதிவை அவங்க முறையில கழிச்சோம். எந்த முகடும் வரலை. அப்புறம் அதே பதிவுல, தண்ணிக்குப் பக்கத்துல, நாங்களே ஒரு சின்ன முகட்டைச் சேர்த்தோம். அவங்க முறையில அது நின்னுச்சு. உங்க வடிகட்டியில காணாம போச்சு."

குழுவினர் குனிந்து தத்தம் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தனர். ஆண்டவர் வெள்ளைத் தாள் ஒன்றைக் கமலவேணியின் பக்கம் நகர்த்தினார்.

"முகடு தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடும்மா. பட்டம் உன் கைக்கு வந்துடும்."

நல்லதம்பி கொதித்தெழுந்தார். அய்யம்பெருமாள் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

கமலவேணி தாளைத் திருப்பித் தள்ளினாள்.

"எழுத மாட்டேங்க. நீங்க அழிச்ச இடத்துல என்ன இருந்துச்சு? எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."