கழுத்துவரை காத்தாயி

அரியலூர் ரயிலடிக்குப் போகிற சாலையில், அம்பிகா ஸ்டுடியோவின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ராசாங்கம் உள்ளே வந்தபோது மணி பதினொன்று. சிமெண்ட் லாரி கிளப்பிவிட்டுப் போன புழுதி அவரோடு சேர்ந்தே உள்ளே வந்தது. கீழப்பழுவூர்க்காரர். மனைவி இறந்து பத்து நாள். பதினாறாம் நாள் படத்திறப்பு. மடியிலிருந்து ஓர் ஆதார் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். 

"இருக்கறது இந்த ஒரு படந்தான் தம்பி. காத்தாயின்னு பேரு." 

ஸ்டுடியோக்காரன் கலைவாணன் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். ஆதார் அட்டையில் உயிரோடு இருக்கிறவனே செத்தவன் மாதிரிதான் இருப்பான். இந்தம்மாள் அதற்கும் ஒரு படி கீழே. ஒட்டிய கன்னம், நரைத்த தலை. இடது தாடையில் தொடங்கிக் கழுத்துவழியாக இறங்கும் தீக்காயத் தழும்பு. படம் தோளோடு முடிந்துவிட்டது. தழும்பு முடிந்ததாகத் தெரியவில்லை. 

"எத்தன வயசு கொறைக்கணுங்க?" 

"போனப்ப அம்பத்தெட்டு. முப்பதுக்குக் கொண்டாங்க." 

"முப்பதுன்னா உங்களுக்கு மக மாதிரி ஆயிடுங்க. நாப்பதுன்னு வைங்க." 

"முப்பத்தஞ்சு." 

"சரி, எடுத்துக்கங்க. பட்டுச்சீலை, அட்டிகை எல்லாம் போட்டு, ஓவியம் வரைஞ்ச மாதிரியே கேன்வாஸ்ல அடிச்சுத் தரேன்." 

கத்திரிக்காய் பேரம்போல முடிந்தது. காத்தாயி பட்டுப் பட்டுச் சேர்த்த இருபத்து மூன்று வருஷத்தை இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரு நிமிஷத்தில் தள்ளுபடி செய்துவிட்டார்கள். 

எழுந்தவர் தழும்பின்மேல் விரலை வைத்தார். "இதையும் எடுத்துடுங்க. அடுப்புல தவறிப் பட்டது. படத்துல பாத்தா என் கொழுந்தியா சும்மா இருக்க மாட்டா. நான்தான் ஊத்துனேன்னு ஊர் முன்னாடி ஆரம்பிச்சிடுவா." 

என்ன ஊற்றினீர்கள் என்று கலைவாணன் கேட்கவில்லை. வாசலேறி வந்தவரிடம் தேவைக்கு மேல் கேட்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. 

அவன் தொழிலில் ஒரு சூட்சுமம் உண்டு. செத்தவர்களின் படத்தில் பெரும்பாலும் தலைதான் தேறும். பட்டுக் கட்டி உட்காருவதற்கு உடம்பு வேண்டுமே. அதற்கு அவன் வைத்திருந்தது ஒரே உடம்பு. கல்யாணத்தன்று பட்டுச்சேலையில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அவன் மனைவி அம்பிகாவின் உடம்பு. அவள் தலையை வெட்டிவிட்டுச் செத்தவள் தலையை வைப்பான். கழுத்தோரம் ஒட்டுத் தெரியாமல் தேய்த்துவிடுவான். பூலாம்பாடியிலிருந்து உடையார்பாளையம் வரை நாற்பத்தொரு வீட்டுச் சுவர்களில் அம்பிகா மாலையோடு உட்கார்ந்திருந்தாள், நாற்பத்தொரு தலைகளோடு. 

மதியம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்த அம்பிகா கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்தாள். "இன்னிக்கு எவளுக்கு என் சீலைய குடுத்திருக்கீங்க?" 

"காத்தாயின்னு ஒரு அம்மா." 

"கசக்காமத் திருப்பித் தரச் சொல்லுங்க." 

சிரித்துக்கொண்டே தூக்கைத் திறந்தாள். அவன் வேலையைத் தொடர்ந்தான். சுருக்கங்கள் போயின. கன்னம் உப்பியது. நரை கறுத்தது. பிறகு தழும்புக்கு வந்தான். தாடையில் தொடங்கி ஒரே இழுப்பில் கீழே வரை அழித்தான். 

சீமெண்ணெய் நாற்றம். 

அடுப்பில்லாத கடை. நாற்றத்துக்குப் பின்னாலேயே முடி கருகும் வாடையும் வந்தது. 

"என்னங்க, இங்க என்னமோ சுடுது." 

அம்பிகா இடது தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கையை விலக்கிப் பார்த்தான். தாடையிலிருந்து கழுத்துக்குச் சிவந்து பொங்கியிருந்தது. சற்றுமுன் அவன் அழித்த அதே வடிவம், அதே நீளம். 

தழும்பைத் திரும்பக் கொண்டுவந்தான். சிவப்பு வடிந்தது. 

மறுபடி அழித்தான். பொங்கியது. 

மூன்றாம் முறை அம்பிகா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வேணாங்க. அந்தம்மாவுது அந்தம்மாகிட்டயே இருக்கட்டும்." 

அப்போதாவது அவன் விட்டிருக்கலாம். பேரம் பேசியே வளர்ந்த ஆள். பாதித் தழும்பை மட்டும் அழித்துப் பார்த்தான். அம்பிகாவுக்குப் பாதி வெந்தது. கால்வாசி அழித்தான். கால்வாசி வெந்தது. இந்தப் பேரத்தில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பது யாராக இருந்தாலும், இறங்கி வருகிற ஆளாகத் தெரியவில்லை. 

கடைசியில் தழும்பை முழுசாக விட்டுவிட்டான். ஓவியத் தீற்றல் ஏற்றி, அச்சடித்து, சட்டம் போட்டான். ராசாங்கத்திடம் மூச்சு விடவில்லை. 

"ரோசாமாலையா, தடியா ஒண்ணு கட்டிடறேன். தழும்பு தெரியாது," என்றான் அம்பிகாவிடம். 

"மாலைய எடுத்துட்டா?" என்றாள் அம்பிகா. 

"எடுத்தாத்தான் என்ன? தழும்பு படத்துல தானே இருக்கு. உனக்கு ஒண்ணும் ஆவாது." 

பதினாறாம் நாள் காலை, கீழப்பழுவூரில் பந்தல் நிறைந்திருந்தது. துணியை விலக்கியதும் ஒரு கிழவி, "அடி ஆத்தி, கல்யாணப் பொண்ணாட்டம் இருக்கா," என்றாள். கலைவாணன் ஓரமாக நின்று அதை வாங்கிக்கொண்டான். 

காத்தாயியின் தங்கை சுந்தராம்பாள் கிட்டே வந்து வெகுநேரம் பார்த்தாள். 

"மொகம் எங்கக்காதான். ஒடம்பு யாரோடது?" 

அவள் ஒரு விரலால் மாலையை நகர்த்தினாள். தழும்பு தெரிந்தது. 

"இருக்கு," என்றாள். "மாமா, எல்லாத்தையும் அழிச்ச போட்டோக்காரரு, நீங்க குடுத்தத மட்டும் வுட்டுட்டாரு பாருங்க." 

ராசாங்கம் பதறவில்லை. சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். நெற்றியில் பொட்டு வைக்கப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மூன்று விரலில் அள்ளித் தாடையிலிருந்து கழுத்துவரை அப்பினார். நிதானமாக, சுவருக்குப் பூசுவதுபோல. 

"சந்தனம்னா அவளுக்கு உசுரு," என்றார். 

சந்தனத்துக்கு அடியிலிருந்து சீமெண்ணெய் நாற்றம் கிளம்பியது. 

கலைவாணன் பந்தலுக்கு வெளியே போய் அம்பிகாவை அழைத்தான். எடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிற மூச்சு மட்டும் கேட்டது. 

அவன் செய்ய வேண்டியது ஒன்றுதான். உள்ளே போய்த் தோள்துண்டால் அந்தச் சந்தனத்தைத் துடைக்க வேண்டும். ஆனால் துடைப்பது, நீதான் கொளுத்தினாய் என்று ராசாங்கத்தின் முகத்துக்கு நேரே சொல்வதுபோல. அதுவும் அவர் வாசலில், அவர் சனத்தின் முன்னால். பந்தலில் பாதிப்பேர் நாளைக்கு அவன் கடைக்கு வரப்போகிறவர்கள். 

ராசாங்கம் பக்கத்தில் வந்து காதோடு சொன்னார். "நல்லா வரைஞ்சிருக்கீங்க தம்பி. சாப்ட்டுட்டுத்தான் போவணும்." 

போனை அணைத்துப் பையில் போட்டான். 

இலையில் உட்கார்ந்தான். வடையும் பாயசமும் வந்தன. இரண்டாம் முறை பாயசம் ஊற்றியபோது வேண்டாமென்று கைகாட்டினான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது. 

பஸ் பிடித்துக் கடைக்கு வந்தபோது மணி இரண்டு. வெயில் கண்ணாடிக் கதவில் அடித்தது. உள்ளே அம்பிகா அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முதுகு நிமிர்ந்து, கைகள் மடியில். அந்தக் கல்யாணப் படத்தில் எப்படியோ அப்படியே. 

இடது தாடையிலிருந்து கழுத்துவரை சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. 

கடையிலும் சரி, வீட்டிலும் சரி, சந்தனம் கிடையாது. 

"யாரு பூசுனது அம்பிகா?" 

"குளுகுளுன்னு இருக்கு," என்றாள், திரும்பாமல். கொஞ்சம் பொறுத்து, "சாப்பாடு நல்லா இருந்துச்சா?" 

கேமரா துடைக்கிற துணியை நனைத்துக்கொண்டு வந்தான். மெல்லத்தான் ஒற்றினான். சந்தனம் துணியோடு வந்தது. அதோடு கூடவே, மெல்லிசாக, ஈரமாக, இன்னொன்றும் உரிந்து வந்தது. 

அவள் கத்தவில்லை. 

உரிந்த இடத்தில் ரத்தம் இல்லை. சதை இல்லை. குறுக்கும் நெடுக்குமாக நெசவு தெரிந்தது. அவன் தினமும் சட்டத்தில் இழுத்து ஆணி அடிக்கிற அதே கேன்வாஸ் நெசவு. 

மேஜையிலிருந்த கடை போன் அடித்தது. எடுத்தான். பூலாம்பாடி சக்தி. இரண்டு வருஷத்துக்கு முன் அவன் தாய்க்கு இவன்தான் அம்பிகாவின் அதே உடம்பில் படம் செய்து கொடுத்திருந்தான். 

"அண்ணே, எங்கம்மா படத்துல கழுத்துல யாரோ சந்தனம் பூசியிருக்காங்க." 

"தொடச்சிடு சக்தி." 

 

"தொடச்சேண்ணே," என்றான் சக்தி, மிகவும் மெதுவாக. "கையில தோலு வந்திருக்கு. சூடா இருக்கு."